ரப்பர் பால் முகமூடி

மகள் அடம்பிடித்து வாங்கிய படக்கதைப் புத்தகம் தலையணை கனம். அதன் நாயகன் பறப்பான், ஊரைக் காப்பாற்றுவான், கூசாமல் பொய்யும் சொல்வான். "அம்மா, இவன் நல்லவனா கெட்டவனான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல" என்று குறைப்பட்டுக்கொண்டாள். வாங்கிப் புரட்டினேன். புது மையின் வாசம். எங்கள் காலத்துப் படக்கதைகளில் ரப்பர் சீட் காயும் புகைக்கூடத்து வாசம்தான் அடிக்கும். இலங்கையில், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில் சேலை முதல் சோறு வரை எல்லாவற்றிலும் அதே வாசம்.

அந்தப் படக்கதைகள் எங்கள் தோட்டத்து ஸ்டெல்லாவுடையவை. கொழும்பில் கடையில் வேலை செய்த அவளுடைய சித்தப்பா நத்தார் பண்டிகைக்கு வரும்போது கொண்டுவருவார். லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார, அவள் உரக்க வாசிப்பாள். வாசித்து முடித்ததும் அவளை விளையாட்டில் சேர்க்க மாட்டோம். ஏனென்றால் அவள் அப்பா அந்தோனி மாமா தோட்டத்துக் காவல்காரர். விறகுக்கு ரப்பர் கிளை வெட்டிய ஓர் அக்காவைப் பிடித்துக்கொடுத்தவர். புத்தகம் வேண்டும், ஸ்டெல்லா வேண்டாம். எங்கள் நியாயம் அப்படி.

ஒரு கதையில் முகமூடி நாயகி ஒருத்தி வந்தாள். அநியாயக்காரர்களை அடிப்பாள், தேவைப்பட்டால் திருடவும் செய்வாள். நானும் அவளாக வேண்டுமென்று பித்துப் பிடித்தது. முகமூடிக்கு எங்கே போவது? மரத்தில்தான் பால் இருக்கிறதே! விடுமுறை நாளொன்றில், அம்மா பால் வெட்டிய மரங்களிலிருந்து நான்கு சிரட்டைப் பாலை எடுத்து, நெற்றியிலிருந்து மூக்கு வரை பூசிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தேன். நன்றாகக் காய்ந்தது. உரித்தேன். முகமூடி அழகாக வந்தது. கூடவே இரண்டு புருவங்களும் வந்துவிட்டன.

அலறல் கேட்டு ஓடிவந்தவர் அந்தோனி மாமா. காலிச் சிரட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோட்டத்துப் பாலைத் தொட்டால் திருட்டு. அது அம்மாவின் நிரை, அவருக்கு ஒதுக்கிய மர வரிசை என்பதால் வேலை போவது அம்மாவுக்குத்தான். பின்னாலேயே வந்த மேற்பார்வை ஐயா, பிள்ளையின் முகத்துக்கு என்ன என்று சிங்களத்தில் கேட்டார். அடுப்பு ஊதும்போது பொசுங்கியது என்று மாமா சிங்களத்திலேயே சொல்லி, முகமூடியைச் சட்டைப் பைக்குள் திணித்தார். சிரட்டைகளைக் குரங்கு கவிழ்த்துவிட்டதாம்.

ஐயா போனதும் என்னிடம் குனிந்தார். "யாருகிட்டயும் சொல்லிறாத பாப்பா, ஸ்டெல்லாகிட்ட கூட. நான் பொய் சொன்னது தெரிஞ்சா என் வேல போயிரும்."

அடுப்புக் கதையை அம்மா நம்பவில்லை. முதுகில் இரண்டு வைத்துவிட்டு, தினமும் கண்மையால் புருவம் வரைந்துவிட்டார். அம்மாவுக்குக் கை நேராக வராது. ஒரு மாதம் வகுப்பில் எதற்கெடுத்தாலும் ஆச்சரியப்படுகிறவளாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதத்தில்தான் ஒருநாள், விளையாட்டில் சேர்க்காத எங்களிடம் ஸ்டெல்லா கேட்டாள்: "எங்கப்பா அவ்வளவு கெட்டவராடி?"

மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். என்னைக் காப்பாற்றியவர் என்று எனக்குத் தெரியும். சொன்னால் மாமாவுக்கு வேலை போகும், சொல்லாவிட்டால் ஸ்டெல்லாவுக்குக் கூட்டாளிகள் இல்லை. சொல்லவில்லை. அது சரிதான். ஆனால் எழுந்துபோய் அவள் பக்கத்திலாவது உட்கார்ந்திருக்கலாம். அதற்கு வாய் திறக்கவே வேண்டியதில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் தோட்டத்துக்குப் போனேன். ரப்பரைப் பிடுங்கிவிட்டு முள்ளுத்தேங்காய் என்கிற எண்ணெய்ப்பனையை நட்டிருக்கிறார்கள். மாமா அங்கேயே இறந்தாராம். அதன் பிறகு ஸ்டெல்லா எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் யாருடைய வேலையும் போகாது. கேட்கத்தான் அவள் இல்லை.