சித்தி ஏறக் கூடாத ஒரு நாள்

சித்தியின் லோரியில் இருக்கைக்குப் பின்னால் இரண்டு மரக்கட்டைகள் இருக்கும். ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கி, சிவப்பு பெயிண்ட் அடித்தவை. லோரியை நிறுத்தியதும் டயருக்கு முட்டுக் கொடுக்க. மற்ற டிரைவர்கள் அகப்பட்ட கல்லைக் காலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். சித்தி மட்டும் கிள்ளானில் ஒரு மரக்கடையில் அளவு சொல்லிச் செய்து வாங்கியிருந்தார். "என்னா சித்தி இது, சின்னப் புள்ளைங்க வெளையாட்டுச் சாமான் மாரி?" என்று கேட்டேன். "லோரி நிக்கிறது பிரேக்கால இல்லடி, ஓட்டுறவளோட பயத்தால" என்றார். அவர் பேச்செல்லாம் அப்படித்தான். ஒரு வாய் தேநீருக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் எதையாவது சொல்லிவிடுவார். நாம் வீட்டுக்குப் போன பிறகுதான் அது உறைக்கும்.

அம்மாவின் கடைசித் தங்கை அவர். போர்ட் கிள்ளானில் கொள்கலன் இழுக்கும் பெரிய லோரி ஓட்டினார். அந்தக் கம்பெனியில் லோரி ஓட்டிய ஒரே பெண். லோரிகள் நிற்கும் யார்டில் பெண்களுக்குத் தண்டாஸ், அதாவது கழிப்பறை, கிடையாது. ஆண்களுடையதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் வேலைக்குக் கிளம்பினால் தண்ணீர் குடிக்க மாட்டார். உதடு வெடித்துப் போயிருக்கும். துறைமுக வரிசையில் காத்திருக்கும்போது பக்கத்து லோரிக்காரன் தலையை நீட்டி, "அக்கா, கண்ணாடியில ரோட்டப் பாரு லா, மூஞ்சியப் பாக்காத!" என்பான். "ஒன் மூஞ்சி தெரியுது தம்பி, அதான் பாக்கவே புடிக்கல" என்பார் இவர். வரிசையே சிரிக்கும். ஆனால் அந்தச் சிரிப்புக்கு மறுநாள் விலை உண்டு. ஒருமுறை அவருடைய ஸ்டியரிங்கில் நாப்கினைச் சுற்றி வைத்திருந்தார்கள். சித்தி அதைப் பிரித்து எடுத்து, கீழே நின்றவர்களிடம் உயர்த்திக் காட்டி, "பொண்டாட்டிக்கு வாங்கிக் குடுக்கத் துப்பு இல்ல, எனக்கு வாங்கிக் குடுக்குறீங்களா? நல்லாருங்கடா" என்றாராம். எங்களிடம் சொல்லும்போது சிரித்தார். கை மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். அந்த இருக்கை. அதில் ஏறி உட்கார்ந்தால் உலகமே கால்மாட்டில் கிடக்கிற மாதிரி இருக்கும் என்பார். அந்த இருக்கையில் வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் அவர் உட்காரக் கூடாது. ஆயுத பூசை அன்று. லோரிகளைக் கழுவி, சந்தனம் தெளித்து, மாலை போட்டு, முன்டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். டிரைவர் ஏறி உட்கார்ந்து பழத்தை நசுக்கி வண்டியை நகர்த்த வேண்டும். சித்தியின் லோரியை மட்டும் பெரியண்ணன் நகர்த்துவார். யார்டிலேயே மூத்த டிரைவர்; எல்லோருக்கும் அவர் பெரியண்ணன்தான். "வருசம் பூரா ஓட்டுறியேம்மா, சாமி காரியத்துக்கு ஒரு நாள் எறங்கி நில்லேன்" என்பார், தங்கைக்குப் புத்தி சொல்வதைப் போல. சித்தி டிரைவர்களின் மனைவிமார் வரிசையில் தாம்பாளத்தோடு நிற்பார். பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் நான்தான் அந்த யார்டுக்கு மாலை கட்டிக் கொண்டுபோவேன். சித்தியின் லோரிக்குப் போகும் மாலையில் மட்டும் ஒரு கொத்து மரிக்கொழுந்து கூடுதலாக வைப்பேன். அதைக் கவனித்தவர் சித்தி ஒருவர்தான்.

கடைசியாக அவர் லோரி ஓட்டிய வருடம், அதன் ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. பட்டறையில் பலமுறை சொல்லிப் பார்த்தார். "ஹேண்ட்பிரேக் நல்லாத்தான் இருக்கு அக்கா. ஒங்க கைக்குத்தான் பலம் பத்தல" என்று அனுப்பிவிட்டார்கள். பூசையன்று காலையில் லோரியைக் கழுவி நிறுத்திவிட்டு, முன்டயர்களுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்துவிட்டு வந்து எங்களோடு நின்றுகொண்டார். மழைத்தண்ணீர் வடிவதற்காக யார்டின் தரை வாசல் பக்கம் சரிந்திருக்கும். நாங்கள் நின்றது அந்தச் சரிவில், லோரிகளுக்கு எதிரே.

எலுமிச்சம்பழம் வைக்க வந்தவன் கட்டைகளைப் பார்த்தான். "சாமி லோரிக்கு முன்னுக்கு என்னா லா இது, அசிங்கமா?" என்று இரண்டையும் காலால் உதைத்துத் தள்ளினான். "கட்டைய எடுக்காதீங்க! பிரேக் நிக்காது!" என்று சித்தி கத்தினார். உறுமி மேளச் சத்தத்தில் அது பாதிதான் கேட்டது. கேட்ட பாதிக்குப் பெரியண்ணன் கையை உயர்த்தி, "பூச நேரத்துல பொம்பளைங்க கொஞ்சம் சும்மா இரும்மா" என்றார். பழங்களை வைத்தார்கள். பெரியண்ணன் கீழே நின்று கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டிருந்தார். லோரிக்குள் யாரும் இல்லை. லோரி தானாக அசைந்து பழங்களை நசுக்கியது. சிலர் கை தட்டினார்கள். சாமியே வண்டியை எடுக்கிறது என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் சித்தி தாம்பாளத்தைப் போட்டுவிட்டு ஓடினார். உருளும் லோரியின் படியில் தொற்றி ஏறி, கதவைத் திறந்து உள்ளே விழுந்து, பிரேக்கை மிதித்தார். எங்களுக்கு முன்னால் கட்டியிருந்த வாழைமரம் பம்பருக்கு அடியில் முறிந்து கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் முதல் ஆளாக நின்றது பெரியண்ணனின் மருமகள், இடுப்பில் அவருடைய பேத்தியோடு.

உறுமி நின்றுவிட்டது. பெரியண்ணன் ஓடிவந்து பேத்தியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அண்ணாந்து சித்தியைப் பார்த்தார். கும்பிடப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். "செருப்போட ஏறிட்டாளே" என்றார். அந்த ஒரு வார்த்தை எல்லோருக்கும் வழி திறந்துவிட்டது. ஒரு டிரைவரின் மனைவி படிக்கட்டருகே போய், "சுத்தமாத்தானே இருக்கக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். சித்திக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "மூணா நாளு" என்றார். அவ்வளவுதான். லோரி ஏன் உருண்டது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அவரை இறக்கிவிட்டு, அவர் உட்கார்ந்த இருக்கையில் ஒரு வாளி மஞ்சள்தண்ணீரை ஊற்றினார்கள். பூசாரி முதலிலிருந்து தொடங்கினார். புதுப் பழங்களைப் பெரியண்ணன் நசுக்கினார். சித்தி கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். நானும் கூட நின்றேன். "பேத்தி அழுவுதாடி?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் முதலாளி கூப்பிட்டு, ஆட்கள் மனசு சரியில்லை, கொஞ்ச நாளைக்கு ஆபீசில் இருங்கள் என்றார். லோரி வேறொருவனுக்குப் போனது. அவன் ஹேண்ட்பிரேக்கைப் பற்றிச் சொன்ன அன்றே பட்டறையில் மாற்றிக் கொடுத்தார்கள். சித்தி தொலைபேசி எடுத்தார், தேநீர் கலக்கினார். எப்போது திரும்ப ஓட்டப் போகிறீர்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "கொஞ்ச நாளுன்னு சொன்னா எண்ணக் கூடாதுடி. எண்ணுனாத்தான் அது ரொம்ப நாளா ஆவும்" என்பார். நாங்கள் எண்ணவில்லை. சித்தியின் தலை நரைத்துவிட்டது.

இந்த வருடம் மகளிர் தினத்துக்கு அதே கம்பெனியிலிருந்து என் கடைக்கு ஒரு பூங்கொத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். கொண்டுபோனால், வாங்கப் போவது சித்தி. விளம்பரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, முதல் பெண் டிரைவர் இங்கேயே தேநீர் கலக்கிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்திருந்தாள். நல்ல பிள்ளை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. சித்திக்குப் புதுச் சீருடை போட்டு, உதட்டுச் சாயம் பூசி, புது லோரி ஒன்றின் கதவைத் திறந்துவிட்டார்கள். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். இருக்கையை முன்னால் இழுத்தார். கண்ணாடிகளைத் திருப்பினார். பிறகு கீழே கையை நீட்டி, "சாவி?" என்றார்.

"சாவியெல்லாம் வேணாம் ஆன்டி. சும்மா ஓட்டுற மாரி கைய வச்சாப் போதும்" என்றாள் அந்தப் பெண்.

சித்தி நீட்டிய கையை ஒரு கணம் அப்படியே வைத்திருந்தார். பிறகு எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தார். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார். போர்ட் கிள்ளான் சாலையோர வேலியில் அந்தப் படம் இப்போது பெரிதாகத் தொங்குகிறது. 'பெண்களே எங்கள் பலம்' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். இடுப்புக்கு மேலேதான் படம். திறந்த கதவுக்குப் பக்கத்தில் பூங்கொத்தோடு நின்ற எனக்கு மட்டும் மீதியும் தெரிந்தது. என்ஜின் ஓடாத அந்த லோரியில், வண்டியைக் கிளப்பும்போது மிதிப்பதைப் போல, சித்தியின் இடது கால் கிளட்சை அடிவரைக்கும் மிதித்துக்கொண்டிருந்தது. இறங்குங்கள் என்று சொல்லும்வரை அவர் காலை எடுக்கவில்லை.