நேர்ந்துவிட்ட சேவலை அவள் தின்னவில்லை

இதை எழுத உட்கார்ந்து, எழுதாமலே எழுந்துபோன வருஷங்கள் பல. சாமியைக் குறை சொல்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். எனக்குப் படிப்பும் கொஞ்சம்தான். ஆனாலும் என் மனைவி சுமந்த பழி என்னோடு மண்ணுக்குள் போய்விடக் கூடாது.

அப்போது அம்பிட்டிய ஊருக்கு மேலே மலையில், ஒரு கோப்பித் தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் இருந்தோம். மகளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. அது தீர்ந்தால் திருவிழாவில் அறுத்துப் படைப்பதாக, மனைவி முனியாண்டி சாமிக்கு ஒரு செஞ்சேவலை நேர்ந்துவிட்டாள்.

நேர்ந்த கோழியை எங்கள் ஆட்கள் அடைக்க மாட்டார்கள். அது சாமியின் உடைமை. மற்றக் கோழிகளை அந்தியில் கூடை கவிழ்த்து மூடி மேலே கல் வைப்போம். சேவல் மட்டும் வாசல் பலாமரத்தில் அடையும். அடிமரத்தைச் சுற்றி முள் கட்டியிருந்தேன்.

முன்பெல்லாம் அதுவே போதும். மலை முழுக்கக் கோப்பி பழுத்துக் கிடக்க, மரநாய்கள் அதைத் தின்று திரிந்தன. பிறகு கோப்பி இலையில் மஞ்சள் பொடி போல நோய் விழுந்தது. பழம் இல்லை. எங்களுக்கு வேலை குறைந்தது, அரிசி குறைந்தது. மரநாய்க்கும் பசி. லயத்தில் அடைக்காமல் விட்ட கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல்போயின.

"பேசாம சேவலையும் கூடைக்குள்ள போட்டுருவோம் புள்ள," என்றேன்.

"ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சாமிக்கு விட்டத அடைச்சா நம்ம புள்ளைக்கு என்னா ஆகும்? அவரு பொருள அவரு பாத்துக்குவாரு."

நானும் அதை நம்பினேன். முள்ளை இன்னும் உயரக் கட்டினேன்.

ஒரு விடியலில் சேவல் கூவவில்லை. மரத்தடியில் சிவந்த இறகுகள். மரநாய் முள்ளைத் தொடவே இல்லை. லயத்துக் கூரையிலிருந்து கிளைக்குத் தாவியிருக்கிறது. கூரைப் புல்லில் நகம் கீறிய தடம் இருந்தது. மனைவி இறகுகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னாக்கா, சாமி சேவல எங்க காணோம்? நேத்து ஒங்க அடுப்புல வாசம் தூக்குச்சே!"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பசிக் காலமல்லவா, மறுநாள் அதுவே லயம் முழுக்க உண்மையாகிவிட்டது.

வேறு சேவல் விடலாமென்றால், மரநாய் தூக்கியதும் பசியில் அறுத்ததும் போக எங்கேயும் சேவல் மிச்சமில்லை. காய்ச்சல் திரும்பி வந்தது. மகள் போய்விட்டாள். சாமி சேவலைத் தின்றவள் பிள்ளையையும் தின்றாள் என்றார்கள். பீலியில் இவள் குடம் வைத்தால் மற்றப் பெண்கள் தண்ணீர் பிடிக்காமல் விலகி நின்றார்கள்.

"மரநாய்தான் தூக்கிருச்சுன்னு சொல்லேன் புள்ள."

"சொன்னா, சாமிக்கு சக்தி இல்லேன்னு ஆகிறாதா? என்னையே சொல்லிட்டுப் போகட்டும்."

அந்தப் பழியோடேயே அவளும் கண்மூடினாள். நான் இன்றும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்று சாமியிடம் கேட்டும் பார்த்தேன்.

படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். கடைசியில் எல்லாம் நல்லபடி ஆனது என்று எதையும் சேர்க்க வேண்டாம். எங்கள்மேல் இரக்கப்பட்டு எதையும் விட்டுவிடவும் வேண்டாம். சேவலைக் கொண்டுபோனது மரநாய். அவள் ஒரு துண்டுகூடத் தின்னவில்லை. இருந்தது இருந்தபடி சொன்னால் போதும்.