வண்டியை யார் நகர்த்துவது?

காலை ஆறு மணிக்குக் கடல் தெரிந்தது. பத்து மணிக்கும் அதே இடத்தில் அதே கடல்தான் தெரிந்துகொண்டிருந்தது. சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில், திருவொற்றியூரைத் தாண்டி நிற்கிறோம். சாலையின் பெயர் எண்ணூர் விரைவுச் சாலை. எந்த மகராசன் வைத்த பெயரோ, நன்றாக இருக்கட்டும்.

திருச்செங்கோட்டிலிருந்து ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். பாதி தூரம் என் வீட்டுக்காரர் தங்கவேல் ஓட்டினார், மீதியை நான் ஓட்டினேன். போன வருடமே கனரக வாகன உரிமம் எடுத்துவிட்டேன். ஆனால் மணலி வந்ததும் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"போர்ட் லைன் உனக்குச் சரிப்படாது அம்மிணி. ஒரு சாண் இடம் விட்டாப் போதும், எவனாவது மூக்கை நுழைச்சுருவான்."

இடப்பக்கம் கருங்கல் குவியல், அதற்கப்பால் அலை. உப்புக்காற்றில் டீசல் வாசம். டீ பன்னிரண்டு ரூபாய். காசிமேட்டு அம்மா ஒருவர் விற்ற வறுத்த நெத்திலி, பொட்டலம் ஐம்பது ரூபாய். அந்த நெத்திலிக்காகவே இன்னொரு தடவை வரலாம்.

பத்தரை மணிக்கு, நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வரிசையோரமாக நடந்து வந்து எங்கள் கதவைத் தட்டினார். பெயர் ஸ்டெல்லா, ராயபுரத்துக்காரர். பூவரச மரத்தடியில் நின்ற வேனைக் காட்டினார்.

"அண்ணே, சுகரு, பிரசரு, அப்பால எச்.ஐ.வி. மூணும் அந்த வண்டிலயே பாக்குறோம். துட்டு ஒண்ணும் கெடையாது. எதுக்குப் போனன்னு எவனுக்கும் தெரியாது. வர்றியா?"

என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. "லைன் நகருமுங்க. வண்டியை யாரு நகத்தறது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எட்டு மாதமாக இதே பாட்டு. கல்யாணத்துக்கு முன்பு, வடக்கே ஓட்டிய காலத்தில், பாதுகாப்பில்லாமல் பெண்களிடம் போனதுண்டு என்று கல்யாணமான முதல் மாதமே அவராகவே சொல்லிவிட்டார். அதில் எனக்குக் கோபமில்லை. இப்போது குழந்தை வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். அதற்கு முன் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். திருச்செங்கோட்டில் என்றால் எல்லோருக்கும் தன்னைத் தெரியும் என்பார். வெளியூரில் என்றால் லோடு இருக்கிறது என்பார்.

ஸ்டெல்லாவிடம் நானே கேட்டேன். "ஒருவேளை இருந்துட்டா என்னங்க பண்றது?"

"இருந்தா மாத்திரை கீதுக்கா. டெய்லி கரீட்டா போட்டுக்கினு வந்தா, ரத்தத்துல கிருமி டெஸ்டுலயே தெரியாத அளவுக்கு அடங்கிரும். அப்பிடியே அடங்கிக் கெடந்துச்சுன்னா பொண்டாட்டிக்குப் போவாது. டாக்டராண்ட கேட்டுக்கினு கொயந்த பெத்துக்கலாம். தெரியாம கீறதுதான் பேஜாரு."

"கேட்டீங்கல்ல? எது வந்தாலும் நான் எங்கயும் போகமாட்டேன். இறங்குங்க மாமா" என்றேன். அவர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார். நான் ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

காலையிலிருந்து அசையாத வரிசை, அவர் வேனுக்குள் போனதும் நகர்ந்தது! முன்வண்டி கிளம்பியது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. வலப்பக்கத்திலிருந்து ஒரு லாரி மூக்கை நீட்டியது. அதன் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஓட்டத் தெரியுமா?"

"தெரியுமுங்க. தள்ளி நில்லுங்க!"

பிரேக்கை விடுவித்தேன், புஸ்ஸென்றது. நாற்பதடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு, முன்வண்டியின் வாலைத் தொடாத குறையாக ஊர்ந்தேன். நீண்டிருந்த மூக்கு பின்வாங்கியது. அடுத்த அரைமணியில் இன்னும் இரண்டு தடவை வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். கூடவே ஊரிலுள்ள சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

கண்ணாடியில் பார்த்தால், அவர் வண்டியை விட்ட இடத்தில் நின்று திருதிருவென்று முழிக்கிறார். ஹாரன் அடித்தேன். ஓடி வந்து, கிளீனர் பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"இல்லையாம்" என்றார். "இல்லையாம் அம்மிணி." அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே சிரித்தோம்.

பிறகு நான் போனேன். விரலில் ஒரு குத்து, கொஞ்ச நேரம் காத்திருப்பு. எனக்கும் இல்லை. தன் பழைய கதையை இவரே ஸ்டெல்லாவிடம் சொல்லி, என்னிடமும் பேசச் சொல்லியிருந்தார். ஸ்டெல்லா இன்னும் சிலது சொன்னார்.

"அண்ணனோடது பயைய சமாச்சாரம், வருசம் ஓடிப்போச்சு. அதனால இந்த ரிசல்ட்ட நம்பலாம். போன வாரத்து விசயமா இருந்தா மூணு மாசம் கயிச்சு இன்னொரு தபா வரச் சொல்லிருப்பேன். ரோட்டுலயே கீற பொயப்பு, ஆணுறைய எப்பவும் கையில வெச்சுக்கச் சொல்லு. இன்னொருத்தர் போட்ட ஊசி வேணாம்."

நான் திரும்பி வந்தபோது, எங்கள் பின்வண்டி டிரைவர், தூத்துக்குடி அண்ணாச்சி, இறங்கி வந்து கேட்டார். "என்ன தம்பி, ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போறிய? சுகரா?"

யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று எட்டு மாதம் நடுங்கிய மனுஷன், ஜன்னலில் தலையை நீட்டி, வரிசைக்கே கேட்கும்படி சொன்னார். "எச்.ஐ.வி. டெஸ்ட்டுங்க அண்ணாச்சி! நீங்களும் போய்ட்டு வாங்க!"

"போலாந்தான். வண்டிய யாரு நகத்துவா?"

"என்ற வீட்டுக்காரி நகத்துவா!"

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். சாவியைக் கொடுத்தார். அவருக்கு என்ன முடிவு வந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. எனக்கு ஒரு பொட்டலம் நெத்திலி வாங்கி வந்தார். அதற்குள் அவருக்குப் பின்வண்டிக்காரரும் சாவியோடு வந்து நின்றார். பொழுது சாய்ந்து நாங்கள் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, எங்கள் வண்டியோடு சேர்த்து நான் நான்கு வண்டி ஓட்டியிருந்தேன். ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை.

பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பினோம். மணலி வந்தும் அவர் ஸ்டியரிங்கைக் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் இந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அந்தச் சீக்கு" என்பார்கள், அதுவும் குரலைத் தணித்து. ஊர் வந்து சேர்ந்ததும் நாத்தனார் ஓடி வந்து கேட்டாள். "மெட்ராசுல என்னண்ணா பாத்தீங்க?"

"கடலைப் பாத்தோம், நெத்திலி தின்னோம், ரெண்டு பேரும் எச்.ஐ.வி. டெஸ்ட்டு எடுத்தோம்" என்றார் என் வீட்டுக்காரர். அவள் வாயைப் பிளந்து நின்றாள். "நீயும் மாப்பிள்ளையும் ஒருக்கா எடுத்துக்கோங்க. போறதுக்கு வண்டி வேணும்னாச் சொல்லு, உங்க அண்ணி எடுப்பா."