செத்த கிருமியும் அஞ்சலையின் அடுப்பும்

காது மடலைக் கீறிக் கிருமி தேடுவதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கல்யாணத்துக்கு முன் என்னைக் கேட்காதவர்கள் கிடையாது. இப்போது நாள் முழுக்க அடுப்பைத் துடைக்கிறேன், ஒருவரும் கேட்பதில்லை. எழுபதுகளில் நான் தொழுநோய் வண்டியில் லேப் டெக்னீஷியன். வாராவாரம் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரகடத்து ஏரிக்கரையில் வண்டி நிற்கும். டாக்டர் மாத்திரை கொடுப்பார், நான் மைக்ரோஸ்கோப்போடு மல்லுக்கட்டுவேன். ஊரே என்னை 'நர்சம்மா' என்றது. திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன். மாமியாரோடு குப்பை கொட்டிய சகோதரிகளே, நீங்களாவது இதைப் பொறுமையாகக் கேளுங்கள்.

வீட்டோடு மாப்பிள்ளை

பக்கத்து வல்லத்திலிருந்து வண்டிக்கு வருவாள் அஞ்சலை. அவளுக்கு நோய் என்று தெரிந்த அன்றே மாமியார் எல்லம்மா அவளை மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பிவிட்டாள். தனித் தட்டு, தனிப் பாய். பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் சோறு ஆக்கிப் போட முடியாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் தன் அடுப்புதான்.

ஒருநாள் அவளுக்குக் கிருமியைப் பற்றிச் சொன்னேன். "இதை எந்தக் கண்ணாடித் தட்டில் போட்டு எதை ஊற்றினாலும் வளராது. மனுஷ உடம்பின் செல்லுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டுதான் தின்னும், பெருகும். சரியான வீட்டோடு மாப்பிள்ளை." அதற்கு அவள் சொன்னாள்: "என் வூட்டுக்காரர வுட அதுக்குத்தான் என் மேல பாசம் ஜாஸ்தி போல கீது, நர்சம்மா."

பதர்

மாத்திரை வேலை செய்தது. உயிருள்ள கிருமி முழுக் குச்சியாகச் சிவந்து தெரியும். செத்தது துண்டு துண்டாக உடைந்து தெரியும். அஞ்சலையின் ஸ்லைடில் எல்லாம் உடைசல். செத்ததைக் கழுவித் தள்ள உடம்புக்கு வருஷக் கணக்காகும், ஆனால் அது இனி யாருக்கும் தொற்றாது.

இதைச் சொல்ல அவள் வீட்டுக்கே போனோம். "பூச்சி கீதா, இல்லியா?" என்றாள் எல்லம்மா. பொய் சொல்லாதே என்று வளர்த்த கான்வென்ட் சிஸ்டர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே, "இருக்கிறது, ஆனால் செத்துவிட்டது. பதரை விதைத்தால் முளைக்குமா?" என்றேன். டாக்டரும், இந்த நோய் சோற்றில் வராது என்று தொண்டை வறளச் சொன்னார். அவள் மசியவில்லை. "பதருன்னா தூத்தினா பறந்துடும்மா. இது இன்னாத்துக்கு உள்ளயே குந்திகினு கீது?"

சூடு தெரியாத கை

பேசிக்கொண்டே எல்லம்மா கொதிக்கிற கஞ்சிப் பானையை வெறுங்கையால் இறக்கி வைத்தாள். நான் வாயைப் பிளந்தேன். "காலம் பூரா அடுப்புல கெடக்கற கை. சூடே தெரியாது. புடிதுணியெல்லாம் ஒங்கள மாதிரி பட்டணத்துக் கைக்கு" என்றாள் பெருமையாக. டாக்டர் வாயைப் பிளக்கவில்லை. அந்தக் கையையே பார்த்தார். வீட்டில் எல்லோரும் காது கீறிக்கொள்ள வேண்டும் என்றார். அவளே முதல் ஆளாகக் கம்மலைக் கழற்றினாள். "நல்லா கீறிக்கோ. அம்மன் கோயில் தீர்த்தம் மாதிரி சுத்தமா இருக்கும் பாரு!"

பாய்

எல்லம்மாவின் ஸ்லைடில் முழுக் குச்சிகள், கட்டுக் கட்டாக. அத்தனையும் உயிரோடு. மருமகளுக்கே இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் டாக்டர் நேரில் போய்ச் சொன்னார். எல்லம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தாள். அவள் மகன், அஞ்சலையின் புருஷன், கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தான். பழிக்குப் பழி என்றால் அதுதான் நேரம். நானாக இருந்தால் கொட்டகைக் கதவை அகலத் திறந்துவிட்டிருப்பேன். அஞ்சலை ஓடிப்போய்ப் பாயைப் பிடுங்கினாள். "மாட்டுக்கு இன்னாத்துக்கு அத்தே தொந்தரவு? வூட்லயே படு. அடுப்புப் பக்கம் மட்டும் வராத."

வாதம்

மாதங்கள் போயின. எல்லம்மாவின் குச்சிகளும் உடைந்தன. அன்று ஏரிக்கரைக்கு மருமகளையும் இழுத்துக்கொண்டு வந்து என் மேசையைத் தட்டினாள். "செத்த பூச்சி தொத்தாதுன்னு நீதான சொன்ன? அப்போ என் அடுப்ப இவள குடுக்கச் சொல்லு." வாதம் என்னுடையதாயிற்றே, எப்படி மறுப்பேன்! அஞ்சலை மாமியாரின் கையைத் திருப்பிக் காட்டினாள். உள்ளங்கையில் தீப்புண், புத்தம் புதிது. கிருமி செத்தாலும், நோயில் மரத்துப்போன கைக்குச் சூடு தெரிவதில்லை. தான் அடுப்படியில் இல்லாத நேரமாகப் பார்த்து மாமியார் போயிருக்கிறாள் என்றாள். அப்புறம் மாமியாரின் முந்தானையை எடுத்துப் புண்ணில் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள். "பூச்சி செத்துடுச்சி அத்தே, நெருப்பு சாவலியே. நீ குந்து, நான் ஆக்கறேன்."

ஓர் அடுப்புக்காக இரண்டு பெண்கள் மல்லுக்கு நின்றதைக் கண்ணால் பார்த்தவள் நான். என் அடுப்பை யாராவது கேட்டால் இன்றைக்கே கொடுத்துவிடுவேன், கேட்கத்தான் ஆளில்லை.