அனாயிஸின் கல் அண்ணன்

மாதா கோயிலின் தெற்குச் சுவர் வழியாகப் போகும்போதெல்லாம் அனாயிஸ் ஒரு நொடி நிற்பாள். அண்ணாந்து பார்ப்பாள். நாக்கை நீட்டுவாள். பிறகு கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்டுவாள். மழையானாலும் சரி, சாவு ஊர்வலமானாலும் சரி, இது தவறாது. சராந்த் ஆற்றங்கரையிலிருந்த அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் முதலில் திடுக்கிடுவார்கள். ஒரு திராட்சை அறுவடை முடிவதற்குள் அவர்களுக்கும் பழகிவிடும்.

மேலே, கூரை விளிம்பைத் தாங்கும் கற்களில் வரிசையாக உருவங்கள். பீப்பாய் சுமப்பவன், யாழ் மீட்டும் கழுதை, தன் வாலையே தின்னும் நாய். அதற்கடுத்த கல்லில் ஒரு முகம். இரண்டு கையாலும் வாயை இழுத்துப் பிடித்து நாக்கைத் தொங்கவிட்டிருக்கும். பழிக்கிறதா, வலியில் கத்துகிறதா என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அனாயிஸ் மேலுதடு பிளந்து பிறந்தவள். "உன் அண்ணன் சுவத்துல தொங்குறான் பாருடி" என்று பள்ளிப் பிள்ளைகள் கேலி செய்தபோது ஒருநாள் அழுதாள். மறுநாள் திரும்பி நின்றாள்.

"ஆமா, அவன் என் அண்ணன்தான். உங்க அண்ணனுங்கள்ல எவனாவது அவ்வளவு உசரத்துல இருக்கானா?"

அன்று நீட்டிய நாக்கு. கல்யாணம் பேசி வந்தவர்கள் உதட்டைப் பார்த்துத் திரும்பிப் போன நாட்களிலும் அதை நீட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கென்று இருந்தவை அப்பா விட்டுப்போன வால்நட் மரங்களும், காய் பறிக்க ஏறும் ஏணியும். ஊரிலேயே உயரமான ஏணி அதுதான்.

புதிதாக வந்த பங்குச்சாமி மெனார், தெற்குச் சுவருக்கு எதிரே வீடு கட்டிக்கொண்டார். கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, உணவறை ஜன்னலுக்கு நேரே அந்த முகம். அவர் சூப்பு குடிக்கக் கரண்டியைத் தூக்கினால் எதிரே நாக்கு. விருந்தாளிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஈஸ்டருக்கு மறைமாவட்ட ஆயர் வேறு வரப்போகிறார். சாமி, கொத்தனார் ஃபிர்மேனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

ஃபிர்மேன் அனாயிஸின் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஏணி வேணும். சாமி அந்த நாக்கைச் செதுக்கி எடுக்கச் சொல்றார்."

"எந்த நாக்கை?"

"உங்க அண்ணனோடதை" என்றான். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தொப்பியைக் கழற்றினான்.

"போடா. ஏணிக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லு."

ஞாயிறு பூசை முடிந்ததும் முற்றத்தில் எல்லோர் முன்பும் சாமியே வந்தார்.

"அது என்னன்னு தெரியுமா உனக்கு? வாய்த்துடுக்குங்கிற பாவம். பாவத்துக்கு உள்ளே இடமில்லைன்னு காட்டத்தான் வெளியே வச்சிருக்காங்க."

"வெளியேதான் நிக்குது சாமி. ஆனா கூரையைத் தாங்குறது அதுதானே? உள்ளே தங்கமுலாம் பூசிக்கிட்டு நிக்கிற புனிதருங்கள்ல யாரு தாங்குறாங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமியின் காது சிவந்தது.

"ஏணியைக் கொடுப்பியா, மாட்டியா?"

"இதோ, கொண்டாரேன்."

கொண்டுவந்தாள். கூடவே ரம்பமும் வந்தது. கூட்டம் பார்த்திருக்க, ஏணியைத் தரையில் கிடத்தி, முழங்காலை ஊன்றி, நட்டநடுவில் அறுத்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு துண்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஆளுக்குப் பாதி சாமி."

பக்கத்து ஊரிலிருந்து வேறு ஏணி வந்தது. ஆனால் ஃபிர்மேனுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. அவன் தம்பிக்கு உயரம் கண்டால் தலைசுற்றல். உளி பிடிக்கத் தெரிந்த ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு நோவு. ஆயர் வந்தபோது உணவறை ஜன்னலில் தடித்த திரை தொங்கியது.

அந்த இலையுதிர் காலத்தில் உச்சிக் கிளைக் காய்களைக் காகங்கள் தின்றன. வால்நட் எண்ணெய் பாதிதான் கிடைத்தது. அனாயிஸ் வெள்ளை மொச்சையை எண்ணெய் விடாமலே தின்றாள். வேறு ஏணி வாங்கவில்லை.

"பீடத்துக்கு முன்னால மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் இவளுக்கு நன்மை கிடையாது" என்று சாமி அறிவித்தார். அடுத்த ஞாயிறு அவள் மற்றவர்களோடு முழந்தாளிட்டு, கண்ணை மூடி, நன்மை அப்பத்தை வாங்க நாக்கை நீட்டினாள். சாமி தாண்டிப் போனார். அதற்கடுத்த ஞாயிறும் நீட்டினாள். வருடக்கணக்கில் நீட்டினாள். பக்கத்தில் முழந்தாளிட்டவர்கள் அவளைப் பார்க்காமல் இருக்கப் பழகினார்கள். அவளோ வரிசையை விட்டு நகரவில்லை.

கடைசிக் காய்ச்சலில் படுத்தபோது சாமி நன்மைப் பெட்டியோடு வந்தார். அவருக்கும் தலை வெளுத்திருந்தது. வாசலில் ஃபிர்மேன் நின்றான்.

"ஒரே ஒரு வார்த்தை, அனாயிஸ். பீடம் கூட வேண்டாம். என் காதோட சொல்லிடு."

"எனக்கு மூச்சு வாங்குது சாமி. எங்க அண்ணன்கிட்ட கேட்டு வாங்கிக்குங்க."

நாக்கை நீட்டினாள். உதடு நடுங்கியது. ஆனால் நாக்கு உள்ளே போகவில்லை. சாமி அப்பத்தைக் கையில் ஏந்தியபடி நின்றார். கடைசியில் இறங்கியது அவர் கைதான், அப்பத்தோடு.

அடக்கம் முடிந்த மறுநாள் உணவறைத் திரை விலகியிருந்தது. சூப்புக் கிண்ணத்துக்கு எதிரே, நாக்கு குறையாமல், மன்னிப்புக் கடன்காரியின் அண்ணன். அந்த மன்னிப்பு இன்னும் வந்து சேரவில்லை.