நடை சாத்தும் நேரம்

போன வருடத்துக்கு முந்தின வருடம் மே மாதம். நான் ஜெர்மனியில் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சிறிய நகரத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து அத்தாவும் அம்மாவும் என்னைப் பார்க்க வந்தார்கள். அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம்.

அத்தா பெரிய காஞ்சிபுரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறார். வெளியூர்க்காரர்களையும் வெளிநாட்டுக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், கைலாசநாதர், கடைசியில் ஒரு பட்டுப் புடவைக் கடை என்று சுற்றிக் காட்டுவது அவர் தொழில். சுற்றிக் காட்டுவது என்று சொன்னாலும் அவர் எந்த இடத்துக்குள்ளும் போக மாட்டார். வந்தவர்கள் செருப்பையும் கைப்பையையும் வண்டியில் விட்டுவிட்டு உள்ளே போவார்கள். அத்தா வாசலில், வண்டிப் பக்கத்தில் நிற்பார். நாங்கள் முஸ்லிம்கள். உள்ளே வரக் கூடாது என்று யாரும் அவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை. போகலாமா என்று அவரும் யாரிடமும் கேட்டதில்லை. வண்டியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எந்தக் கோயில் எப்போது நடை திறக்கும், எப்போது சாத்தும் என்பது அவருக்கு அத்துப்படி. மதியம் சாத்திவிட்டால் பிறகு சாயங்காலம்தான். சென்னையிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் புடவைக் கடைக்குப் போகச் சொல்வார்கள். “கடை எங்கயும் போவாது சார். மொதல்ல பூட்டற எடத்தைப் பாத்துடுங்க” என்பார். கேட்காதவர்கள் உச்சி வெயிலில் சாத்திய கதவின் முன்னால் வந்து நிற்பார்கள். அத்தா அவர்களை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார். மதிலை ஒட்டிக் கொஞ்ச தூரம் அழைத்துப் போய், ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிறுத்தி, “இந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தாதான் சார் முழுசா தெரியும்” என்பார். பள்ளி விடுமுறைகளில் முன்சீட்டில் உட்கார்ந்து போனபோது இதைப் பல முறை கேட்டிருக்கிறேன்.

அவர்கள் வருவதற்கு முன்பே என் பயணத்திட்டம் தயாராக இருந்தது. படிக்கப் போவதற்கு முன் ஒரு நாளிதழில் வேலை பார்த்தவள் நான். எதையும் நேரம் குறித்துத் திட்டமிட்டால்தான் நிம்மதி. பெர்லின், கொலோன் தேவாலயம், ரைன் நதியில் படகு, மலைமேல் ஒரு கோட்டை. திரும்ப எப்போது வருவார்களோ, பெரிய இடம் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று நினைத்தேன். ரயிலும் தங்கும் அறைகளும் பதிவு செய்தாகிவிட்டது.

முதல் நாள் மாலை, என் அறையின் ஒற்றைக் கட்டிலில் அம்மா பெட்டியைப் பிரித்து மிளகாய்த்தூள், பருப்புப்பொடி, ஊறுகாய் என்று எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் திட்டத்தைப் படித்துக் காட்டினேன். அத்தா முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“எல்லாம் சரிம்மா. நீ படிக்கிற எடம் எங்க? நீ உக்கார்ற நாற்காலியை நான் ஒரு வாட்டி பாக்கணும்.”

“அது இங்கேர்ந்து நடந்து போற தூரம்தான் அத்தா. கடைசியில பாத்துக்கலாம்.”

“எப்ப நடை சாத்துவாங்க?”

நானும் அம்மாவும் சிரித்துவிட்டோம். “நடை சாத்தறதுக்கு அது என்ன கோயிலா? காலேஜ் கார்டு என் கையில இருக்குது. எப்ப வெச்சாலும் கதவு தொறக்கும்” என்றேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பெர்லினில் முதல் அருங்காட்சியகத்தின் வாசலில் அத்தா நின்றுவிட்டார். எங்கள் பைகளுக்காகக் கையை நீட்டினார். “குடுங்க. நீங்க பாத்துட்டு வாங்க. நான் இங்கயே நின்னுக்கினு இருக்கேன்.”

உள்ளே பைகளை வைத்துப் பூட்ட லாக்கர் இருக்கிறது, சாவி நம் கையில்தான் இருக்கும் என்று சொன்னேன். “சாவி நம்மளுது. பூட்டு அவங்களுதாச்சே” என்றார்.

“இவர் உள்ள வந்துட்டா வண்டியை எவனாவது தூக்கிக்கினு போயிடுவான் பாரு” என்றார் அம்மா. “வண்டிதான் காஞ்சிபுரத்துல நிக்குதே, வாங்க!”

அத்தா சிரித்தார். ஆனால் நகரவில்லை. நான் இரண்டு டிக்கெட் வாங்கினேன்.

கொலோன் தேவாலயத்துக்கு டிக்கெட் கிடையாது. கதவு வரை வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் போய், “நீங்க போங்க” என்றார். நாங்கள் திரும்பி வந்தபோது அவரை நிறுத்திய இடத்தில் காணவில்லை. சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் இடத்தில், ஒரு துருக்கிக்கார ஓட்டுநரோடு பேருந்தின் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு சலாமில் தொடங்கி, மீதியைக் கையசைவிலேயே பேசியிருக்கிறார்கள். ரயிலில் போகும்போது எங்களுக்கு விவரம் சொன்னார். “இங்க டிரைவர் இவ்ளோ நேரந்தான் ஓட்டணுமாம். மேல ஓட்டினா உள்ள ஒரு மிஷின் இருக்குது, அது காட்டிக் குடுத்துடுமாம். நம்ம ஊர்ல வெச்சா அந்த மிஷினே அழுதுடும்.”

அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து வாசலிலேயே நிற்கிறாரே என்று. பிறகு அதுவும் பழகிவிட்டது. இதெல்லாம் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். கோட்டைக்குப் போனபோது அவரைக் கேட்காமலே இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

ஊர் சுற்றி முடித்து என் நகரத்துக்குத் திரும்பியபோது சனிக்கிழமை விமானத்துக்கு இரண்டு நாள்தான் மீதி. வியாழன் அங்கே ஒரு கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறை. அது எனக்குத் தெரியும். அதனால்தான் கல்லூரியை வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அத்தா சீக்கிரமே தயாராகிவிட்டார். வந்த நாளிலிருந்து பெட்டியில் மடித்தே வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். ஷூவைத் துடைத்திருந்தார். தெருவில் ஆள் நடமாட்டம் குறைவாக இருந்தது. கல்லூரியின் சைக்கிள் நிறுத்தத்தில் இரண்டோ மூன்றோ சைக்கிள்கள்தான் நின்றன. அப்போதே எனக்கு லேசாக உறுத்தியது.

கதவில் கார்டை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். சிவப்பு. கண்ணாடியின் உட்பக்கம் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வியாழன் விடுமுறைக்கும் வார இறுதிக்கும் நடுவில் வரும் வெள்ளியையும் சேர்த்து மூடுகிறோம், உள்ளே மின்சார வேலை நடக்கிறது, திங்கட்கிழமை திறப்போம் என்று. முந்தின வாரமே அதை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்கள். நாங்கள் அப்போது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தோம். நான் அதைத் திறந்து பார்க்கவில்லை.

பின்பக்கக் கதவுக்கு ஓடினேன். அலுவலக எண்ணுக்குப் போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பி வந்து பார்த்தால், அத்தா இரண்டு கைகளாலும் கண்களுக்கு அணை கட்டிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தேன், அன்று அவர் கையில் பை இல்லை. அம்மாவிடமும் இல்லை. அத்தா எல்லாவற்றையும் என் அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். இந்த ஒரு இடத்துக்குள் வருவதாக இருந்திருக்கிறார்.

“எந்த மாடிம்மா?”

“மூணாவது.”

“எந்த ஜன்னல்?”

எண்ணிக் காட்டினேன். திரை இறக்கியிருந்தது.

“நாற்காலி தெரியுதா?” என்றார் அம்மா. பெர்லினிலிருந்து நடந்துவந்த கிண்டலின் தொடர்ச்சியாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவரே தலை குனிந்துகொண்டார்.

“ஸாரி அத்தா” என்றேன். கார்டை இன்னும் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

“விடும்மா. சாத்திட்டாங்க, என்ன பண்றது” என்றார். பிறகு பின்னால் தள்ளி நின்று கட்டடத்தை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார். சுவரை ஒட்டி நடக்க ஆரம்பித்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். சைக்கிள் நிறுத்தம், குப்பைத் தொட்டிகள், கேன்டீன் பின்வாசலில் கவிழ்த்து வைத்த மேசைகள். எல்லாம் தாண்டிக் கடைசி மூலையில் ஒரு பெரிய மரத்தடியில் நின்று, என் பக்கம் திரும்பினார்.

“இந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தாதாம்மா முழுசா தெரியுது” என்றார்.

நேரம் தப்பி வந்தவர்களிடம் அவர் சொல்கிற வார்த்தை. என் வாழ்க்கையில் அதை அவருடைய முன்சீட்டில் வந்தவளாகத்தான் கேட்டிருக்கிறேன். அன்று சாத்திய கதவின் முன்னால் வந்து நின்றவள் நான். அம்மா எங்களை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தார். அந்தப் பயணம் முழுவதிலும் அத்தா இருக்கும் படம் அது ஒன்றுதான். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார்.

மறுநாள் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். அடுத்த வருடம் என் பட்டமளிப்புக்கு வர நினைத்தார்கள். விசா நேர்காணலுக்கு நாள் கிடைக்கவில்லை. படிப்பு முடிந்ததும் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். இனி அந்தக் கதவு எனக்கே திறக்காது.

சில வாரங்களுக்கு முன்பு, அத்தா வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அவருடைய கார் ஸ்டாண்டுக்குப் போனேன். வண்டிகளுக்குப் பின்னால் நான் வருவது அவருக்குத் தெரியவில்லை. புதிதாக ஸ்டாண்டில் சேர்ந்த ஒரு டிரைவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பொண்ணு படிச்ச காலேஜைப் பாத்தீங்களா பாய்? எப்படி இருந்துச்சு?”

அத்தா சொல்ல ஆரம்பித்தார். கண்ணாடிக் கதவு. உள்ளே நீளமாக ஒரு நடை. சுவரில் கோட்டு மாட்டுகிற கொக்கிகள், ஒரு சிவப்பு தீயணைப்பான், ஒரு நீல நிறத் தொட்டி, மாடிப்படியின் அடி. மூலையில் ஒரு மரம். மூன்றாவது மாடியில் இடது பக்கத்திலிருந்து நாலாவது ஜன்னல். எனக்கே நினைவில்லாதவை எல்லாம் வரிசையாக வந்தன.

“உள்ள?”

“உள்ள நான் போவலபா. ஆனா வாசல் பிரமாதமா இருக்குது.”

குரலில் எந்தக் குறையும் இல்லை. நான் போய்க் கண்ணாடியைக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் யாராவது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டால், அது எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அதைத்தான் முதலில் செய்கிறேன். ஆனால் அந்த மூன்றாவது மாடி நாற்காலியை அத்தா பார்க்கவில்லை என்பது அப்படியேதான் இருக்கிறது.