பகதூரின் பாட்டுக்குப் பதில் வந்த மத்தியானம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ரேடியோ ரிப்பேர் என் தொழில். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போட்டது. நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, நானே இன்னும் முழுசாக நம்பவில்லை.

அறுபதுகளில் தேக்காவில், டன்லப் ஸ்திரீட் கடைவீடு ஒன்றின் மாடியில் என் பட்டறை இருந்தது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ரோசலின் டீச்சருக்கு நாடகப் பைத்தியம். பனிமலையில் வழி தவறிய ஒருவனைப் பற்றிக் கதை எழுதியிருந்தார். கதையை அவர் சொல்ல, பின்னால் மலைநாட்டுப் பாட்டு ஒலிக்க, அந்தப் பாட்டை நான் டேப் ரிக்கார்டரில் வேகம் குறைத்து, தகரத்தைத் தட்டிச் சேர்த்து, பனிக்காற்று மாதிரி ஆக்க வேண்டும், இதுதான் ஏற்பாடு. பாடுவதற்குப் பக்கத்துக் கிடங்கில் காவல் இருந்த நேபாளத்துக்காரன் பகதூரைப் பிடித்தோம். சாரங்கி வாசிப்பான், எங்களோடு மலாயில் பேசுவான். கர்ப்பமாக இருந்த பெண்சாதியை ஊரில் விட்டு வந்தவன், மாசக்கணக்கில் அவளிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

அவர்கள் மலையில் ஆண் ஓர் அடி பாடி நிறுத்த, எதிர்ச் சரிவிலிருந்து பெண் அடுத்த அடியைப் பாடுவாளாம். பகதூர் தன் அடிகளை மட்டும் பாடினான், அவளுடைய இடத்தைச் சும்மா விட்டான். மார்கழி மழை பெய்த ஒரு மத்தியானம், ஜன்னலைச் சாத்திவிட்டு அதைப் பதிந்தேன்.

பிறகு பாதி வேகத்தில் ஓடவிட்டேன். பகதூரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இழுத்தது. அவன் சும்மா விட்ட இடத்தில் ஒரு பெண் பாடினாள். எல்லாம் பாதி வேகத்தில் ஓடும்போது அவள் குரல் மட்டும் சாதாரணமாக, மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்படி இருந்தது.

"பழைய டேப்பாண்ணே?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர், புதுசு. இப்பத்தான் பிரிச்சேன்."

பகதூர் முகத்தில் ரத்தமே இல்லை. அது தன் பெண்சாதி என்றான். "லாகி செக்காலி," என்றான், இன்னொரு தடவை போடச் சொல்லி.

போட்டேன். இப்போது குரல் கிட்டத்தில் கேட்டது, கூடவே கல் சரியும் சத்தம். அடுத்த தடவை கதவுக்கு வெளியே நிற்பது மாதிரி, ஒரு கைக்குழந்தையின் அழுகையும் சேர்ந்து வந்தது. பகதூர் சாரங்கியை எடுத்து மெஷினைப் பார்த்துப் பாடினான். நம்புங்கள், அவன் புதிதாகப் பாடிய அடிக்கும் அவள் பதில் பாடினாள்.

"நிப்பாட்டுங்கண்ணே. அந்தப் பொண்ணு வந்துகிட்டே இருக்கு," என்றார் டீச்சர்.

நான் கை நீட்டினேன், பகதூர் தட்டிவிட்டான். "அவ உயிரோட இருக்கா, பாட விடு," என்று மலாயில் கெஞ்சினான். குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன். அவன் குரல் இழுத்துக்கொண்டே அடங்கியது. அவளோ தன் அடியை முழுசாகப் பாடி முடித்த பிறகுதான் ஓய்ந்தாள். அதற்கப்புறம் அந்த டேப்பில் பகதூரைத் தவிர யாரும் இல்லை.

பகதூர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டு, விடுப்பு வாங்கி ஊருக்குப் போனான். திரும்பி வந்ததும் நேராகப் பட்டறைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். பெண்சாதியும் குழந்தையும் சுகம். அதே மத்தியானம் விறகுக்குப் போனவள், பள்ளத்தாக்கில் இவன் பாட்டைக் கேட்டு, பதில் பாடிக்கொண்டே பிள்ளையோடு நடந்திருக்கிறாள். பாட்டு சட்டென்று நின்றதும் கீழே பார்த்தால் மலை விளிம்பு.

அவன் அதோடு விட்டிருக்கலாம். பாட்டு நின்ற பிறகு பள்ளத்திலிருந்து ஓர் ஆண் குரல் பேசியதாம். திரும்பத் திரும்பச் சொன்னதால் அர்த்தம் தெரியாமலே அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டதாம். அவள் சொல்லிக்கொடுத்ததைப் பகதூர் தட்டுத் தடுமாறிச் சொன்னான்.

"இன்னும் ஒரு எட்டு வாம்மா."

என்ன பாஷை என்று கேட்டான். தமிழ் என்று சொல்லாமல், தெரியாது என்றேன். நானும் டீச்சரும் அன்று அப்படி எதுவும் சொல்லவில்லை, சத்தியம். ஆனால் அந்த 'வாம்மா'வை எங்கள் வீட்டில் இழுப்பது போலவே இழுத்தான் பகதூர்.